ஸ்டாண்டில் கட்டணம் ஏறினால்: சேலத்தில் பலகையைப் படிப்பது முதல் மனுப் போடுவது வரை

பார்க்கிங் கட்டணம் ஏறிய அன்று டோக்கன் கிழித்துக் கொடுப்பவரோடுதான் எல்லோரும் சண்டைக்கு நிற்கிறோம். அவர் தினக்கூலிக்கு நிற்பவர். கட்டணத்தை விதிப்பது மாநகராட்சிக் கவுன்சிலர்கள் அடங்கிய மாமன்றம், வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் குத்தகைதாரர். இவரிடம் கத்தினால் அந்த இருவர் காதுக்கும் எதுவும் போகாது. "ஏன்யா இவ்வளவு?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. "எந்தத் தீர்மானப்படி இவ்வளவு?" என்று மாநகராட்சியிடம் எழுத்தில் கேட்டால், அவர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டியாக வேண்டும். அந்தக் காகிதம்வரை போவது எப்படி, அதற்கு முன் உங்கள் பக்கத்தில் எதையெல்லாம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான வழிமுறை இது.

இடம் யாருடையது?

மனு வீணாவதற்கு முதல் காரணம், தப்பான ஆபீசுக்கு எழுதுவது. சேலத்தில் வண்டி நிறுத்தக் காசு வாங்கும் இடமெல்லாம் மாநகராட்சியுடையது இல்லை. புதிய பஸ் ஸ்டாண்டு, 2023-இல் ஈரடுக்காகத் திறக்கப்பட்ட பழைய பஸ் ஸ்டாண்டு, மாநகராட்சி மார்க்கெட்டுகள், அதன் வணிக வளாகங்கள் ஆகியவை மாநகராட்சியின் கணக்கில் வரும். ஜங்ஷன், டவுன் ஸ்டேஷன் வாசலில் உள்ள ஸ்டாண்டுகள் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே கட்டணம் ஏறினால் மேயருக்கு எழுதிப் பயனில்லை, 139-இல் புகார் சொல்ல வேண்டும். தியேட்டர் பார்க்கிங்குக்கு உச்சவரம்பு வைப்பது மாநில அரசு. மால், துணிக்கடை, தனியார் ஆஸ்பத்திரி என்றால் அது அவர்களுக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள விவகாரம்.

சாலையோரம்தான் குழப்பம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி, வண்டி நிறுத்தும் இடங்களை நிர்ணயிப்பது மாநில அரசு அல்லது அது அதிகாரம் கொடுத்த அமைப்பு. உள்ளாட்சியைக் கலந்து அதைச் செய்ய வேண்டும். ஆகவே ஒரு தெருவோரத்தில் கயிறு கட்டி, கையில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் நின்றால், கோடு போட்டிருக்கிறதா, பலகை இருக்கிறதா, அதில் மாநகராட்சியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் கொடுப்பதற்கு முன் ரசீதைக் கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிறுத்தியதற்கான அபராதம் வேறு விஷயம். அது போக்குவரத்துக் காவல் துறையுடையது: 177-ஆம் பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி செய்தால் 1,500 ரூபாய். சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதோ வண்டியை இழுத்துச் செல்வதோ 127-ஆம் பிரிவின் கீழ் சீருடையில் உள்ள காவல் அலுவலர் அனுமதித்தால்தான் நடக்கலாம். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டிக்கும், பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிக்கும் அது பொருந்தும். கட்டணத் தகராறில் குத்தகைதாரரின் ஆள் சங்கிலி போட்டுப் பூட்டினால் அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

பலகையில் என்ன பார்க்க வேண்டும்

முழுப் பலகையும் ஒரே படத்தில் விழுமாறு போட்டோ எடுங்கள். பிறகு நிதானமாகப் படியுங்கள். வண்டி வகை, நேர அலகு, தொகை ஆகிய மூன்றும் கண்ணில் படும்படி இருக்கும். தீர்மான எண்ணும் தேதியும், குத்தகைதாரர் பெயர், குத்தகைக் காலம், ஜி.எஸ்.டி. உட்படவா தனியா, புகார் எண் என்று மற்றவையும் இருக்க வேண்டும். இவற்றில் எது இல்லையோ அதுதான் உங்கள் மனுவின் முதல் வரி.

பெயிண்டால் திருத்திய எண், மேலே ஒட்டிய ஸ்டிக்கர், அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கட்டித் தொங்கவிட்டது இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. நிஜமாகவே மாமன்றம் கட்டணத்தை மாற்றியிருந்தால் புதுப் பலகைக்கு ஆகும் செலவு பெரிய விஷயமே இல்லை.

தொகையைவிட நேர அலகைக் கவனியுங்கள். மக்கள் எண்ணைப் பார்த்துப் பழகியவர்கள். எண் மாறாமல் அலகு மாறினால் யாருக்கும் உறைக்காது. கணக்குக்காக ஓர் உதாரணம் (எண்கள் விளக்கத்துக்கு மட்டும், உங்கள் பலகையில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்): பழைய பலகையில் "12 மணி நேரத்துக்கு 10 ரூபாய்". புதியதில் "முதல் 6 மணி நேரத்துக்கு 10 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் 5 ரூபாய்". இரண்டிலும் கண்ணில் படுவது பத்து ரூபாய்தான்.

காலை 8 மணிக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டு நாமக்கல் பஸ் ஏறி, மாலை 7 மணிக்குத் திரும்பினால் 11 மணி நேரம். பழைய கணக்கில் 10 ரூபாய், புதிய கணக்கில் 15 ரூபாய். ஒன்றரை மடங்கு. அதே ஆள் காலை 6.30-க்குப் போட்டு இரவு 8.15-க்கு எடுத்தால் 13 மணி 45 நிமிடம். பழைய முறையில் இரண்டு பன்னிரண்டு மணி, 20 ரூபாய். புதியதில் மூன்று ஆறு மணி, அதுவும் 20 ரூபாய். அவருக்கு எதுவும் மாறவில்லை. அதனால்தான் ஒரே கட்டண மாற்றத்தைப் பற்றி ஒரே ஸ்டாண்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஆட்சேபனை எழுதும்போது "50 சதவீதம் ஏற்றிவிட்டார்கள்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். உங்கள் உள்ளே-வெளியே நேரத்தை எழுதி, பழைய கட்டணம் இவ்வளவு, புதியது இவ்வளவு என்று காட்டுங்கள்.

இன்னொரு பொறி "ஒரு நாள்" என்ற சொல். 24 மணி நேரமா, காலண்டர் நாளா? சனி இரவு 9 மணிக்குப் போட்டு ஞாயிறு காலை 6 மணிக்கு எடுத்தால் 9 மணி நேரம்தான். நள்ளிரவில் தேதி மாறுகிறது என்று சொல்லி இரண்டு நாள் வாங்கினால், ஒப்பந்த நிபந்தனையில் "நாள்" என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கே எதுவுமே எழுதியிருக்காது, சண்டையின் வேர் அதுதான்.

மாதப் பாஸ் இருந்தால் அதையும் கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். நாளுக்கு 15 ரூபாய், பாஸ் 300 ரூபாய் என்று வைத்தால் 20 நாளில் சரிக்கட்டும். மாதம் 26 நாள் வேலைக்குப் போகிறவருக்கு 390 ரூபாய் ஆகியிருக்கும், பாஸில் 90 ரூபாய் மிச்சம். ஆனால் தீபாவளி மாதமும் பொங்கல் மாதமும் விடுமுறையோடு சேர்த்து 20-ஐத் தொடாமல் போகலாம், அப்போது டோக்கனே மேல். பாஸ் வைத்திருப்பதால் இடம் உறுதி என்று அர்த்தம் இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாஸ்காரரும் வெளியேதான் நிற்பார். இரவு தங்கலும் சேர்த்தா என்று கேட்டு, பாஸிலேயே எழுதி வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி. என்ற சாக்கு

வண்டி நிறுத்தும் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பலகையில் "உட்பட" என்று இருந்தால், 20 ரூபாயில் 3 ரூபாய் 5 காசு வரி (20-ஐ 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும்), பாக்கி 16 ரூபாய் 95 காசு கட்டணம். "தனி" என்று இருந்தால் 20-உடன் 3 ரூபாய் 60 காசு சேர்த்து 23 ரூபாய் 60 காசு. சில்லறை இல்லை என்று சொல்லி 25 வாங்குவார்கள். வரியே 18 சதவீதம்தான், ஏற்றம் 25 சதவீதம் ஆகிவிடுகிறது. அதனால் மாமன்றத்துக்குக் கோரிக்கை வைப்பவர்கள் கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று: கட்டணம் வரி உட்பட முழு ரூபாயில் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஆள் வரி என்று சொல்லி ஒரு காசும் வாங்கக் கூடாது. ரசீதில் 15 இலக்கப் பதிவு எண் இல்லாமல் "வரி சேர்த்து" என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாளுக்கு 600 வண்டி, 15 ரூபாய், 365 நாள் என்றால் 32 லட்சத்து 85 ஆயிரம். ஆகவே ஓரளவு ஓடுகிற எந்த ஸ்டாண்டும் பதிவு பெற்றிருக்க வேண்டியதுதான்.

அதிக வசூல் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் அது வெறும் குமுறலாகப் போய்விடும். குத்தகைதாரரின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இதிலும் எண்கள் உதாரணமே.

ஆண்டுக் குத்தகை 36 லட்சம் என்றால் நாளுக்கு 9,863 ரூபாய். மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு 500 என்றால் 3,000. டோக்கன் அச்சடிப்பு, கரண்டு, விளக்கு எல்லாம் 500. மொத்தம் 13,363. பலகைக் கட்டணம் வரி உட்பட 10 ரூபாய் என்றால் அவர் கைக்கு நிற்பது 8 ரூபாய் 47 காசு. செலவைச் சரிக்கட்ட மட்டும் நாளுக்கு 1,577 வண்டி வேண்டும். அந்த இடத்தில் 1,000 வண்டிதான் வந்து போகிறது என்றால், நாளுக்கு ஏறக்குறைய 4,900 ரூபாய் கையைக் கடிக்கிறது. தெரிந்தே ஏலம் எடுத்தவர் அதை எங்கே ஈடுகட்டுவார்? "இரவுக் கட்டணம்" என்று ஒன்றைப் புதிதாகச் சொல்வார். ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு. டோக்கன் தொலைந்தால் 100 ரூபாய். ரசீதே கொடுக்காமல் வாங்குவது, இரண்டு பைக்கு இடத்தில் மூன்று பைக்கைத் திணிப்பது. கண்ணாடி உடைவதும், பெட்ரோல் டேங்கில் கீறல் விழுவதும் இந்தத் திணிப்பில்தான்.

உள்ளாட்சிக் குத்தகைகள் பொதுவாக மூன்றாண்டு வரை நீட்டிக்கப்படும், ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும். மேலே சொன்ன 36 லட்சம் இரண்டாம் ஆண்டில் 37.8 லட்சம், மூன்றாம் ஆண்டில் 39.69 லட்சம். நாளுக்கு 10,874 ரூபாய். பலகைக் கட்டணம் மட்டும் அப்படியே இருக்கும். அப்போது குத்தகைதாரரே மாநகராட்சியிடம் கட்டண உயர்வு கேட்டு மனு கொடுப்பார், உங்கள் தரப்பில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஏலத் தொகை உயர்ந்தால் மாநகராட்சிக்கு லாபம் என்று கவுன்சிலர்கள் பெருமைப்படுவது வழக்கம். தாங்க முடியாத தொகைக்குப் போன ஏலம் வண்டிக்காரர் தலையில்தான் விடியும். மாநகராட்சி ஒரு நாள் முழுக்க ஆள் வைத்து வண்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் குறைந்தபட்சக் கேட்புத் தொகையை (ஏலம் தொடங்கும் தொகையை) நிர்ணயித்தால், பாதித் தகராறு ஏலத்தன்றே தீர்ந்துவிடும்.

வாசலில் செய்ய வேண்டியது

வண்டியை நிறுத்தியதும் டோக்கனையும் நம்பர் பிளேட்டையும் ஒரே படத்தில் எடுங்கள். உள்ளே வந்த நேரம் டோக்கனில் எழுதாமல் இருப்பதுதான் பாதி வம்புக்கு மூலம். போட்டோவில் உள்ள நேரம் உங்கள் சாட்சி.

எடுக்கும்போது பலகையில் உள்ள தொகையை மட்டும் யு.பி.ஐ.-யில் போடுங்கள். சில்லறைப் பேச்சுக்கு இடம் இருக்காது. பணம் போய்ச் சேரும் பெயரைப் பாருங்கள். ரசீதில் உள்ள குத்தகைதாரர் பெயரும் திரையில் வரும் பெயரும் வேறு வேறு என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மனுவோடு இணைக்க உதவும். கூடுதலாகக் கேட்டு வண்டியை விடமாட்டேன் என்றால், கேட்டதைக் கொடுத்து, கொடுத்த தொகைக்கு ரசீது கேளுங்கள். 15 ரூபாய் பலகைக்கு 25 ரூபாய் ரசீது கிடைத்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ரசீது தர மறுத்தால் தேதி, நேரம், ஷிப்டில் இருந்தவரின் அடையாளம் ஆகியவற்றை அங்கேயே நின்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுப்பதில் தப்பில்லை, ஆனால் கூலிக்காரரின் முகத்தை ஊருக்குக் காட்டிக் கேலி செய்வதால் கட்டணம் குறையாது. கேமராவைப் பலகை பக்கம் திருப்புங்கள்.

டோக்கன் தொலைந்தால் பதறாதீர்கள். ஆர்.சி. அல்லது டிஜிலாக்கரில் உள்ள அதன் பிரதி, ஓட்டுநர் உரிமம், வண்டிச் சாவி மூன்றையும் காட்டி, வண்டியை எடுத்துச் செல்வதாக அவர்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது முறை. அபராதம் கேட்டால் அது பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையில் இந்தச் சோதனை உங்கள் வண்டிக்குத்தான் பாதுகாப்பு. கேள்வி கேட்காமல் விட்டுவிடும் ஸ்டாண்டில் அடுத்தமுறை நிறுத்தாதீர்கள்.

"வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரியைப் பார்த்துப் பலர் நஷ்டத்தை விழுங்கிக்கொள்கிறார்கள். சாவியைக் கொடுத்து வண்டியை ஒப்படைத்தீர்களா, நீங்களே நிறுத்திப் பூட்டி டோக்கன் மட்டும் வாங்கினீர்களா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். சாவியை வாங்கி நிறுத்தும் ஹோட்டல், அப்படி ஒரு வரியை அச்சடித்துவிட்டதாலேயே தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019-இல் தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவி கொடுக்காத டோக்கன் ஸ்டாண்டில் வழக்கு அவ்வளவு எளிதல்ல. எப்படியானாலும் பூட்டு உடைந்திருந்தாலோ வண்டி காணவில்லை என்றாலோ அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான அத்தாட்சி) வாங்குங்கள். வண்டி காணவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.

எப்போது ஆட்சேபிப்பது

குத்தகை ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். ஏல அறிவிப்பு அதற்கு முந்தின மாதங்களில் வரும். ஏப்ரல் 2-ஆம் தேதி பலகையைப் பார்த்துவிட்டு எழுதும் மனு, முடிந்துபோன ஒப்பந்தத்தின் மீது எழுதும் மனு. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் எழுதுவதற்குத்தான் வலு அதிகம். தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) இணையதளத்தில் சேலம் மாநகராட்சி என்று தேடி, ஏலத்துக்கு வரும் ஸ்டாண்டுகளின் ஆவணங்களை இறக்கிப் பாருங்கள். வசூலிக்கலாம் என்று அனுமதித்த கட்டணம், நேர அலகு, பலகை வைக்கும் கடமை, கூடுதல் வசூலுக்கான அபராதம் ஆகியவை நிபந்தனைகளில் இருக்கும். அபராதம் பற்றி எதுவும் இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்வதே உங்கள் மனு.

சேலம் மாநகராட்சிக்கு 60 வார்டு, நான்கு மண்டலம்: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி. மனுவை ஆணையருக்கு எழுதி, நகலை ஸ்டாண்டு இருக்கும் மண்டலத்தின் உதவி ஆணையருக்கும், அந்த வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். கவுன்சிலர் மாமன்றத்தில் எழுந்து பேச ஒரு காகிதம் தேவைப்படும், அதை நீங்கள் கொடுத்ததாக ஆகும். ஒப்புகை முத்திரையும் தேதியும் உங்கள் நகலில் விழாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அங்கே பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண். இரண்டிலும் மனு கடைசியில் மாநகராட்சிக்கே திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் மனு எண்ணோடு திரும்பி வரும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: (ஸ்டாண்டின் பெயர்) இருசக்கர வாகன நிறுத்துமிடம் – கட்டண மாற்றம் குறித்து. மேற்படி நிறுத்துமிடத்தில் (தேதி) முதல் கட்டணம் மாற்றப்பட்டுள்ளது. அறிவிப்புப் பலகையில் மாமன்றத் தீர்மான எண் குறிப்பிடப்படவில்லை. நான் (நேரம்) முதல் (நேரம்) வரை வாகனம் நிறுத்தியதற்கு (தொகை) ரூபாய் வசூலிக்கப்பட்டது. பலகையில் உள்ள கட்டணம் (தொகை) ரூபாய். ரசீது எண் (எண்), நகல் இணைப்பில். எனவே (1) கட்டணத்தை அனுமதித்த தீர்மான எண்ணையும் தேதியையும் பலகையில் எழுத உத்தரவிடவும், (2) கூடுதல் வசூலுக்கு ஒப்பந்த நிபந்தனைப்படி நடவடிக்கை எடுக்கவும், (3) எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

"ஏழை எளிய மக்கள் பாதிக்கப்படுகிறார்கள்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் யாரும் நடவடிக்கை எடுக்க எதுவும் இல்லை. ரசீது எண்ணில் இருக்கிறது.

தீர்மானத்தைக் கையில் வாங்குவது

மாநகராட்சிகளுக்கு இப்போது பொருந்துவது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும். பழைய மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவு எண்களைப் போட்டு எழுதிய மாதிரி மனுக்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன, அவற்றைக் காப்பியடிக்காதீர்கள்.

தீர்மான நகலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் நேர் வழி. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஆன்லைனிலும் போடலாம். எதற்காகக் கேட்கிறேன் என்று எழுத வேண்டியதில்லை. "ஏன் ஏற்றினீர்கள்?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடமும் உண்டு. இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள்:

1. கட்டணத்தை நிர்ணயித்த மாமன்றத் தீர்மானத்தின் நகலும், அதற்கு வைக்கப்பட்ட கூட்டப் பொருள் குறிப்பின் நகலும்.
2. நடப்பு குத்தகைதாரரோடு செய்த ஒப்பந்தத்தின் நகல், நிபந்தனைகளோடு.
3. கடந்த இரண்டு ஆண்டுகளில் கூடுதல் வசூலுக்காக விதித்த அபராதங்களின் விவரம், தேதியோடும் தொகையோடும்.
4. குறைந்தபட்சக் கேட்புத் தொகையைக் கணக்கிட்ட கோப்புக் குறிப்பின் நகல்.

நான்காவதுதான் முக்கியமானது. மேலே போட்ட வண்டிக் கணக்கு அங்கே இருக்கிறதா, வெறுமனே பழைய தொகையோடு ஒரு சதவீதத்தைக் கூட்டிவிட்டார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். அங்கே கேஸ் வர நாளாகும். ஆகவே முதல் மேல்முறையீட்டை ஒழுங்காக எழுதுங்கள், பெரும்பாலான காகிதங்கள் அந்தக் கட்டத்தில் வெளியே வந்துவிடும். "வணிக ரகசியம்" என்று ஒப்பந்த நகலை மறுத்தால், ஏலம் முடிந்து கையெழுத்தாகிவிட்ட பொது ஒப்பந்தத்தில் ரகசியம் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

ஏற்காட்டில் வேறு கணக்கு

மேலே ஏறினால் மாநகராட்சி இல்லை. ஏற்காடு ஊராட்சி ஒன்றியம், அதன் கீழ் கிராம ஊராட்சிகள். ஊராட்சிச் சட்டத்தில் இந்த இடங்களுக்கு இருக்கும் பெயர் வண்டிப்பேட்டை, மாட்டு வண்டிக் காலத்துச் சொல். ஆட்சேபிக்க வேண்டிய இடம் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே மாதக் கோடை விழாவுக்கான கட்டணத்தைப் பேச வேண்டுமானால் மே 1 காலம் கடந்துவிடும், மார்ச் 22-லேயே தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் அங்கே வாக்களிக்கலாம். அதனால் சேலத்திலிருந்து போகிறவர்களைவிட, ஏரியோரக் கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் இதைக் கையில் எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். சேலம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஆகவே மனுவைப் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள். காவல் துறைக்குப் போவதானால் சேலம் மாநகரக் கமிஷனர் ஆபீசுக்கு இங்கே வேலை இல்லை, ஏற்காடு வருவது சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லைக்குள்.

ஒரே நாளில் பல கைகளுக்குக் காசு போகும் ஊர் இது. படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. அங்கே கொடுத்த ரசீதைக் காட்டி ஊராட்சி நிறுத்துமிடத்தில் விடச் சொல்ல முடியாது. சீசனில் காபித் தோட்டத்துக்காரர்களும் வீட்டுக்காரர்களும் காலி இடத்தை வாடகைக்கு விடுவார்கள். அது அவர்கள் நிலம், அவர்கள் விலை. இறங்குவதற்கு முன் முழு நாளுக்கு எவ்வளவு, இடையில் வண்டியை எடுத்துப் போய்த் திரும்ப வந்தால் மறுபடி காசா என்று கேட்டுவிடுங்கள். ரசீதில் ஊராட்சியின் முத்திரையும் வரிசை எண்ணும் இருந்தால்தான் அது ஊராட்சிக் கட்டணம்.

கட்டணத்துக்குப் பயந்து கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் வண்டியை விடாதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 வளைவுகள், பஸ் திரும்ப முழு அகலமும் வேண்டும். சரிவில் நிறுத்த நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், மேல்நோக்கி நின்றால் முதல் கியரிலும் கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் போட்டு, வண்டி நகர்ந்தாலும் மலைப் பக்கச் சுவரிலோ ஓரக் கல்லிலோ முட்டும்படி முன்சக்கரத்தைத் திருப்பி, பின்சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.